வாசிப்புக் கணக்கும் ஆண்டு இலக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூர், பினாங்கு வாசிப்புக் குழுக்களில் ஜனவரி பிறந்தால் சில கேள்விகள் வரிசைகட்டி வரும். ஜூலையில் இன்னும் சில வரும். டிசம்பர் கடைசி வாரத்தில் சண்டையாகவே வரும். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

படிச்சா போதாதா? எதுக்கு எழுதி வைக்கணும்?

படித்தால் போதும். கணக்கு வைக்காமலே ஆயுள் முழுக்க நன்றாகப் படித்தவர்கள் ஏராளம். ஆனால் "எனக்கு நேரமே இல்லை", "முன்ன மாதிரி படிக்க முடியல" என்று சொல்பவர்களுக்குப் பதிவேடு உதவும். எந்த மாதம் விட்டுப்போனது, எந்தப் புத்தகத்தில் போய் நின்றது என்று அது காட்டிக்கொடுத்துவிடும். ஏற்கெனவே படித்ததை மறந்து மறுபடி வாங்குவதும் குறையும்.

குறைந்தபட்சம் என்னென்ன குறிச்சு வைக்கணும்?

ஐந்து விவரங்கள் போதும்: தலைப்பு, ஆசிரியர், பக்க எண்ணிக்கை, தொடங்கிய தேதி, முடித்த தேதி. விட்டுவிடவே கூடாதது முடித்த தேதி. ஆண்டுக் கணக்கு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது, பிறகு யோசித்தால் நினைவுக்கு வராததும் அதுதான்.

விருப்பமிருந்தால் மூன்று சேர்க்கலாம்: புத்தகம் எங்கிருந்து வந்தது (வாங்கியது, நூலகம், இரவல்), என்ன மொழி, மூன்று வரிக் குறிப்பு. குறிப்பைப் புத்தகம் முடித்த மறுநாளுக்குள் எழுதிவிட வேண்டும். ஒரு வாரம் தள்ளினால் "நன்றாக இருந்தது" என்பதைத் தவிர வேறெதுவும் எழுத வராது. இதற்குமேல் பத்திகளைக் கூட்டினால் பிப்ரவரிக்குள் பதிவேடே நின்றுபோகும்.

நோட்டுப் புத்தகமா, ஆப்பா, ஷீட்டா? எது நல்லது?

தினம் எத்தனை பக்கம் என்று பார்ப்பவருக்கு நோட்டு. ஒரு தாளில் 12 பத்தி, 31 வரிசை கட்டம் போட்டு, அன்றன்று படித்த பக்க எண்ணிக்கையை எழுதினால் முழு ஆண்டும் ஒரே பார்வையில் தெரியும். வெற்றுக் கட்டங்கள் எங்கே கூடுகின்றன என்று காட்டுவதில் எந்த ஆப்பும் இதற்கு ஈடில்லை.

நண்பர்கள் படிப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் குட்ரீட்ஸ் ஆப். அதில் ஆண்டு இலக்கு புத்தக எண்ணிக்கையில் மட்டும்தான், மதிப்பீடு முழு நட்சத்திரங்களில்தான். ஸ்டோரிகிராஃப் என்ற இன்னொரு ஆப்பில் புத்தகம், பக்கம், கேட்கும் நேரம் மூன்றுக்கும் தனித்தனி இலக்கு வைக்கலாம், கால் நட்சத்திரம்கூடப் போடலாம், பாதியில் விட்டதையும் அப்படியே குறிக்கலாம். தமிழ் நூல்களை அதிகம் படிப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை கூகுள் ஷீட்ஸ். காரணத்தைக் கீழே, தேடினால் நூல் கிடைக்காத கேள்வியில் சொல்லியிருக்கிறோம்.

வருசத்துக்கு 50 புத்தகம்னு வைக்கலாமா? எல்லாரும் அப்படித்தானே வைக்கிறாங்க?

எல்லோரும் வைப்பதை விடுங்கள். உங்கள் வேகத்தை அளந்த பிறகு எண்ணை முடிவு செய்யுங்கள். கைப்பேசியில் 20 நிமிடம் அலாரம் வைத்து வழக்கம்போல் படியுங்கள், முடிந்ததும் பக்கத்தை எண்ணுங்கள். வேறு வேறு நாளில் மூன்று முறை செய்து, நடுவில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலுக்கு ஒன்று, கட்டுரை நூலுக்கு ஒன்று என்று தனித்தனியாக அளப்பது அவசியம். உரையோடு சங்கப் பாடல் படிக்கும் வேகம் நாவல் வேகத்தில் கால்வாசிகூட இருக்காது.

20 நிமிடத்தில் 16 பக்கம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 48 பக்கம். தினம் அரை மணி நேரம், வாரம் ஐந்து நாள், ஆண்டுக்கு 48 வாரம் படித்தால் மொத்தம் 120 மணி நேரம், 5,760 பக்கம். 220 பக்க நாவலாக வைத்தால் 26 புத்தகம். அதே 120 மணி நேரத்தில் கட்டுரை நூல்களை மணிக்கு 33 பக்கம் வீதம் படித்தால் 18தான் தேறும். வரும் எண்ணில் முக்கால் பங்கை இலக்காக வையுங்கள்: 26 வந்தால் 20. மிச்சக் கால் பங்கு காய்ச்சல், கல்யாணம், கண் வலி இவற்றுக்கெல்லாம் போய்விடும்.

52 வாரம் இருக்க 48 என்று எழுதியதில் கணக்கு வரவில்லையே என்று பார்க்காதீர்கள், ஆண்டில் நான்கு வாரத்தை வேண்டுமென்றே விட்டிருக்கிறோம். தைப்பூசமும் தீபாவளியும் வரும் வாரங்களில் நம் வீடுகளில் யாரும் புத்தகத்தைத் தொடப்போவதில்லை.

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டரில் போறேன். அந்த நேரத்தைக் கணக்கில் எடுக்கலாமா?

எடுக்கலாம், ஆனால் பாதியாக. ஒரு மணி நேரப் பயணம் என்றால் அரை மணி நேரமே எழுதுங்கள். இடம் கிடைக்காமல் நிற்பதும் வாட்ஸ்அப் பார்ப்பதும் மீதியை எடுத்துக்கொள்ளும். ரயிலில் அளந்த வேகமும் வீட்டில் அளந்ததும் வேறாக இருக்கும், எனவே முந்தைய பதிலில் சொன்ன 20 நிமிடச் சோதனையில் ஒன்றையாவது ரயிலில் செய்யுங்கள். சிறுகதைத் தொகுப்பு ரயிலுக்குப் பொருந்தும், கிளைவிட்டுப் போகும் பெரிய நாவல் பொருந்தாது. பினாங்குப் பாலத்தில் கார் ஓட்டிப் போகிறவர்களுக்கு ஒலிநூல்தான் வழி.

ஒலிநூல் கேட்டா படிச்சதாகுமா?

உங்கள் பதிவேட்டில் ஆகும் என்று நீங்கள் எழுதி வைத்தால் ஆகும். நாங்கள் ஆகும் என்றே வைக்கிறோம். ஆனால் பக்கக் கணக்கில் சேர்க்காமல் நேரமாகத் தனியே குறிப்பது நல்லது. ஒன்றரை மடங்கு வேகத்தில் 9 மணி நேர நூலைக் கேட்டால் 6 மணி நேரத்தில் முடிந்துவிடும். பதிவேட்டில் நூலின் நீளமான 9 மணி நேரத்தை எழுதுவதா, செலவான 6 மணி நேரத்தை எழுதுவதா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். நூலின் நீளத்தை எழுதினால் பிறரோடு ஒப்பிட வசதி.

கிண்டிலில் பக்க எண்ணே காட்ட மாட்டேங்குது. எப்படிப் பதியறது?

பதிப்பகத்தார் அச்சுப் பக்க எண்ணை இணைத்திருந்தால்தான் கிண்டில் காட்டும். பல தமிழ் மின்னூல்களில் அது இருக்காது. அதில் தெரியும் லொகேஷன் எண்ணை (மின்னூலைச் சிறு துண்டுகளாகப் பிரித்து இடும் எண்) பக்கமாக எழுதிவிடாதீர்கள், அது பல மடங்கு பெரியது. 200 பக்க நாவலை 3,000 பக்கம் என்று பதிந்தவர்கள் உண்டு. சதவீதத்தை எடுத்து அச்சுப் பதிப்பின் பக்கத்தால் பெருக்குங்கள்: 320 பக்க நூலில் 65 சதவீதம் என்றால் 208.

அச்சுப் பதிப்பே இல்லாத மின்னூலுக்கு உங்கள் வேகத்தை வைத்துக் கணக்கிடலாம். மணிக்கு 48 பக்கம் படிப்பவர் மூன்று மணி நேரத்தில் முடித்தால் 144 பக்கம். தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பிடிஎஃப்களில் பக்க எண் இருக்கும், ஆனால் தாள் அளவும் எழுத்தின் அளவும் அச்சு நூலைப் போல இருக்காது. அதற்கும் இதே வழி.

தமிழ்ப் புத்தகம் தேடினா ஆப்பில் வரவே மாட்டேங்குது, இல்லேன்னா ஒரே புத்தகம் நாலு தடவை வருது. ஏன்?

ஒருவர் தமிழ் எழுத்தில் ஏற்றியிருப்பார், இன்னொருவர் ரோமன் எழுத்தில் ஒரு மாதிரி, மூன்றாமவர் வேறொரு மாதிரி. எல்லாம் தனித்தனி நூலாகக் கிடக்கும். தலைப்பை விட்டுவிட்டு நூலின் பின்னட்டையில் இருக்கும் ஐஎஸ்பிஎன் என்னும் நூல் அடையாள எண்ணைப் போட்டுத் தேடுங்கள். 2007 முதல் அது 13 இலக்கம், அதற்கு முன் 10. தொடக்கத்தில் 978, அதையடுத்து 81 அல்லது 93 இருந்தால் இந்திய வெளியீடு. 967, 983, 629 இவற்றில் ஒன்று இருந்தால் மலேசிய வெளியீடு. எண் கிடைக்காவிட்டால் தமிழ் எழுத்தில் ஆசிரியர் பெயரைத் தேடுங்கள். தலைப்பைவிட அதில் குழப்பம் குறைவு.

பழைய தமிழ் நூல்களில் ஐஎஸ்பிஎன் இருக்காது. ஆசிரியர் தம் கைக்காசில் அச்சடித்த மலேசிய நூல்களிலும் பெரும்பாலும் இருக்காது. இந்த நூல்கள்தான் நம் ஊரின் தோட்ட வாழ்க்கையையும் பட்டண வாழ்க்கையையும் எழுதியவை, ஆப்பில் இல்லை என்பதற்காகக் கணக்கில் வராமல் போவது சரியில்லை. ஷீட்ஸைப் பரிந்துரைப்பது இதனால்தான். நான்கு தடவை வரும் நூலில் பக்க எண்ணிக்கை உங்கள் பிரதியோடு ஒத்துப்போகும் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். இரண்டில் 'படித்தேன்' என்று போட்டால் இலக்கில் இரண்டாக ஏறிவிடும்.

படிச்சு முடிச்சுட்டேன், ஆனா குட்ரீட்ஸ் சவாலில் எண் ஏறல. என்ன தப்பு?

பத்தில் ஒன்பது முறை முடித்த தேதி விடுபட்டிருக்கும். நூலை 'படித்தவை' அடுக்கில் போட்டால் மட்டும் போதாது, முடித்த தேதி இந்த ஆண்டில் இருக்க வேண்டும். நூலின் பக்கத்தில் உங்கள் மதிப்புரையைத் திருத்தப் போனால் தேதி போடும் இடம் வரும். ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் தேர்ந்து சேமியுங்கள். டிசம்பர் 31 இரவு முடித்தவர்கள் அது என்ன தேதியாகப் பதிந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

டிசம்பரில் ஆரம்பிச்சு ஜனவரியில் முடிச்ச புத்தகம் எந்த வருசத்தில் சேரும்?

முடித்த ஆண்டில். மேலே சொன்ன ஆப் கணக்கும் அப்படித்தான். கட்டம் போட்ட நோட்டு வைத்திருப்பவர்களுக்குப் பக்கங்கள் தாமாகவே இரண்டு ஆண்டிலும் பிரிந்து விழும்.

பாதியில் விட்ட புத்தகம்?

புத்தக எண்ணிக்கையில் சேராது, படித்த பக்கங்கள் பக்கக் கணக்கில் சேரும். 'விட்டது' என்று ஒரு நிலையும், விட்ட பக்க எண்ணும் எழுதுங்கள். எங்கே விடலாம் என்பதற்கு ஒரு கோடு வேண்டும். 50 பக்கம் அல்லது நூலில் ஐந்தில் ஒரு பங்கு, எது குறைவோ அது. அதைத் தாண்டியும் இழுக்கவில்லை என்றால் குற்ற உணர்ச்சி தேவையில்லை. பிடிக்காத ஒரு நூலை முடித்தே தீருவேன் என்று மூன்று மாதம் தலைமாட்டில் வைத்திருப்பதுதான் இலக்குகள் கவிழ்வதற்கு முதல் காரணம், ஏனென்றால் அந்த மூன்று மாதம் வேறு எதையும் படிக்கத் தோன்றாது.

பொன்னியின் செல்வன் ஒண்ணா, அஞ்சா?

ஆண்டுதோறும் சண்டை மூட்டும் கேள்வி. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்த கதை, ஐந்து பாகங்களாக ஆசிரியரே பிரித்தது. பாகம் பாகமாகவும் விற்கிறது, ஒரே கட்டாகவும் விற்கிறது. அட்டையை வைத்து எண்ணினால் ஒரே கதையைப் படித்த இருவருக்கு இரண்டு கணக்கு வரும். ஆகவே ஆசிரியர் செய்த பிரிவையே பின்பற்றி ஐந்து என்று எண்ணுவது நியாயம் என்பது எங்கள் கருத்து. மறுப்பவர்கள் ஒன்று என்று எண்ணட்டும், ஆனால் ஆண்டுத் தொடக்கத்திலேயே எழுதி வைக்கட்டும். நவம்பரில் மாற்றக் கூடாது. ஆப்பில் ஐந்து பாகத்தையும் குறித்துவிட்டு, முழுத்தொகுப்பையும் சேர்த்துக் குறித்தால் ஆறாகிவிடும்.

இந்த வழக்கைத் தீர்க்க எளிய வழி, புத்தக இலக்கோடு பக்க இலக்கும் வைப்பது: 24 புத்தகம், 5,000 பக்கம் என்று. நாளுக்கு 14 பக்கம். ஒல்லி நூல்களாகப் பொறுக்கி எண்ணிக்கை ஏற்றினாலும் பக்கம் காட்டிக்கொடுக்கும், தடித்த நூலை எடுத்தவருக்கு எண்ணிக்கையில் போனது பக்கத்தில் திரும்பிவரும்.

திருக்குறள் தினம் ஓர் அதிகாரம் படிக்கிறேன். எப்படிக் குறிக்கலாம்?

பக்கத்தை விடுத்து அதிகார எண்ணை எழுதுங்கள். 133 அதிகாரம், 133 நாள், ஏறக்குறைய நாலரை மாதம். முடித்தால் ஒரு புத்தகம். இப்படி மெல்லப் போகும் நூலை எப்போதும் இரண்டாவது நூலாக வைத்து, பக்கத்தில் வேறொன்றை ஓட்டிக்கொண்டிருங்கள்.

மறுவாசிப்பை எண்ணலாமா? பிள்ளைக்குப் படிச்சுக் காட்டின புத்தகத்தை?

முழுதாகப் படித்தால் மறுவாசிப்பு எண்ணலாம். குட்ரீட்ஸில் ஒரே நூலுக்கு இன்னொரு வாசிப்புத் தேதி சேர்க்க வழி இருக்கிறது, அதைச் செய்யுங்கள். பழைய தேதியை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டால் போன ஆண்டின் கணக்கில் ஒன்று குறைந்துபோகும். பிள்ளைகளுக்கு வாசித்த 16 பக்கப் படக்கதைகளை ஷீட்டில் தனித் தாளில் வையுங்கள். பெரியவர்களின் எண்ணிக்கையோடு கலந்தால் இரண்டுக்கும் மதிப்பில்லை.

பையன் தமிழ்ப்பள்ளியில் நீலாம் பதிவு செய்யறான். அதையே வீட்டுச் சவாலுக்கும் வெச்சுக்கலாமா?

நீலாம் மலேசியக் கல்வி அமைச்சின் வாசிப்புத் திட்டம். அதன் இணையப் பதிவு 'ஐன்ஸ்' தளத்தில் நடக்கிறது. பள்ளிக்குப் பதிவதோடு அதே விவரங்களை வீட்டு ஷீட்டிலும் வைத்திருங்கள். சுருக்கத்தை முதலில் நோட்டில் எழுதிவிட்டுப் பிறகு தட்டச்சு செய்தால், இணையம் நடுவில் அறுந்தாலும் எழுதியது போகாது. வீட்டுச் சவாலில் பரிசு வைப்பதாக இருந்தால் எண்ணிக்கைக்கு வைக்காதீர்கள், தொடர்ந்து படித்த நாட்களுக்கு வையுங்கள். எண்ணிக்கைக்கு வைத்தால் மிக மெல்லிய நூல் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள்.

நூலகத்தில் எடுத்துப் படிச்சது எல்லாம் மறந்துபோகுது. என்ன வழி?

ஜாலான் துன் ரசாக்கில் இருக்கும் தேசிய நூலகமோ, ஜோர்ஜ்டவுன் நூலகமோ, எங்கே எடுத்தாலும் வீடு சேர்வதற்குள் மூன்று படம் எடுத்துவிடுங்கள்: முன்னட்டை, தலைப்புப் பக்கம், அதன் பின்புறம். பதிப்பு ஆண்டும் பதிப்பகமும் அந்தப் பின்புறத்தில்தான் இருக்கும். திருப்பிக் கொடுத்த பிறகு பக்க எண்ணிக்கைக்காக அலைவது வீண் வேலை. கெடு தேதியைக் கைப்பேசி நாட்காட்டியில் இரண்டு நாள் முன்னதாகப் போடுங்கள்.

வாங்கின புத்தகத்துக்கு வருமான வரியில் கழிவு உண்டுன்னு சொல்றாங்களே?

உண்டு. மலேசிய வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவின் மொத்த வரம்பு 2,500 வெள்ளி (ரிங்கிட்). உங்களுக்கும் துணைக்கும் பிள்ளைக்கும் வாங்கும் புத்தகம், இதழ், நாளிதழ் அதில் அடங்கும். கணினி, கைப்பேசி, இணையக் கட்டணமும் அதே 2,500க்குள்தான் வர வேண்டும். தடைசெய்யப்பட்ட வெளியீடுகளுக்குக் கிடையாது. ரசீதுகளை ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஆனால் கடை ரசீதின் மை ஓர் ஆண்டிலேயே மங்கத் தொடங்கும், ஆகையால் வாங்கிய அன்றே படம் எடுத்து, ஷீட்டில் விலைப் பத்தி ஒன்று சேர்த்துவிடுங்கள். ஆண்டு முடிவில் கூட்டுத்தொகை தயாராக இருக்கும்.

குட்ரீட்ஸ் கணக்கை இறக்கி எக்செல்லில் திறந்தா தமிழ் எல்லாம் கிறுக்கலா வருது!

கோப்பு கெடவில்லை. குட்ரீட்ஸ் தரும் சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் திறந்தால் எக்செல் அதன் எழுத்துக் குறியீட்டைத் தவறாக ஊகிக்கிறது. மூடும்போது சேமிக்காதீர்கள், சேமித்தால்தான் நிஜமாகவே கெடும். வெற்றுக் கோப்பைத் திறந்து, 'டேட்டா' தாவலில் 'ஃப்ரம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி' என்பதைத் தேர்ந்து, 'ஃபைல் ஆரிஜின்' பட்டியலில் 65001 யூனிகோட் யூடிஎஃப்-8 என்று வையுங்கள். கூகுள் ஷீட்ஸில் ஏற்றினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது.

ஷீட்ஸில் வேறொரு தொல்லை உண்டு. இட அமைப்பு அமெரிக்கா என்று இருந்தால் 03/04 மார்ச் நான்காகிவிடும், நீங்கள் எழுதியதோ ஏப்ரல் மூன்று. 12க்கு மேற்பட்ட நாட்கள் தேதியாகவே ஏறாமல் வெறும் எழுத்தாக இடப்பக்கம் ஒட்டி நிற்கும். 'ஃபைல்', 'செட்டிங்ஸ்' போய் இடத்தை மலேசியா அல்லது பிரிட்டன் என்று மாற்றுங்கள். தரவு ஏற்றுவதற்கு முன்பே மாற்ற வேண்டும். பிறகு நிபந்தனைக்குப் பொருந்துவதை எண்ணும் கவுண்ட்இஃப்ஸ் சூத்திரத்தில் முடித்த தேதி ஜனவரி 1 அல்லது அதற்குப் பின், டிசம்பர் 31 அல்லது அதற்கு முன், நிலை 'முடித்தது' என்று மூன்று நிபந்தனை கொடுத்தால் ஆண்டு எண்ணிக்கை தானே ஏறும். ஆப்பிலேயே பதிபவர்களும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இப்படி இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஜூலை முடிஞ்சது, 24க்கு 9தான் ஆச்சு. ஆப் '5 பின்தங்கி இருக்கிறீர்கள்'னு காட்டுது. கைவிட்டுடலாமா?

ஆப் இலக்கை ஆண்டு முழுக்கச் சமமாகப் பிரிக்கிறது. மாதம் இரண்டு, ஏழு மாதத்துக்கு 14, உங்களிடம் 9. அதற்கு உங்கள் பரீட்சையும் தெரியாது, பண்டிகையும் தெரியாது. மீதி 15 நூல், 220 பக்கம் வீதம் 3,300 பக்கம், டிசம்பர் வரை 153 நாள்: நாளுக்கு 22 பக்கம். தொடக்கத்தில் இதே இலக்குக்கு 14, 15 தேவைப்பட்டது. உங்கள் வேகத்துக்கு 22 என்றால் எத்தனை நிமிடம் என்று பாருங்கள். மணிக்கு 48 பக்கம் என்றால் 28 நிமிடம்தான். முடியும் என்றால் இலக்கை அப்படியே விடுங்கள்.

முடியாது என்றால் 18க்கு இறக்குங்கள், நாளுக்கு 13 பக்கம் போதும். ஆண்டு நடுவில் எண்ணை மாற்ற ஆப் இடம் தருகிறது. மாற்றிய தேதியையும் பழைய எண்ணையும் பதிவேட்டில் எழுதி வைத்தால் அடுத்த ஜனவரியில் எண்ணை முடிவு செய்ய அது பயன்படும். டிசம்பரில் ஒல்லியாகப் பத்து நூல் வாங்கி அடிக்கும் வழியைத்தான் நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம்.

வாட்ஸ்அப் குழுவில் சவால் வைக்கிறோம். ஒருத்தர் 60 முடிக்கிறார், மத்தவங்க சோர்ந்துபோறாங்க.

எண்ணிக்கையை அறிவிக்காதீர்கள், அவரவர் இலக்கில் எத்தனை சதவீதம் என்று அறிவியுங்கள். 60க்கு 30 முடித்தவரும் 8க்கு 4 முடித்தவரும் 50 சதவீதத்தில் நிற்பார்கள். மாதம் ஒருமுறை, ஒரே நாளில் அறிவித்தால் போதும். தினமும் போட்டால் குழுவை மியூட் செய்துவிடுவார்கள்.

கட்டச் சவாலும் நன்றாக ஓடும்: ஐந்துக்கு ஐந்து, 25 கட்டம். மலேசியத் தமிழ்ச் சிறுகதைத் தொகுப்பு, மலாயிலிருந்து தமிழுக்கு வந்தது, நாடகம், 1980க்கு முன் வெளிவந்தது, நண்பர் வற்புறுத்தியது என்று நிரப்புங்கள். ஒரு நூலை ஒரு கட்டத்துக்கு மட்டுமே பயன்படுத்தலாம் என்ற விதியைச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே பழைய நாடக நூல் மூன்று கட்டத்தை அடைத்துவிடும். ஒலிநூல், மறுவாசிப்பு, பாகங்கள் பற்றிய முடிவுகளையும் முதல் செய்தியிலேயே எழுதி மேலே குத்தி வையுங்கள்.

எண்ணிக்கைக்காகவே படிக்கிற மாதிரி இருக்கு. அது உண்மையான்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஷீட்டில் மாதவாரியாக ஒரு நூலுக்குச் சராசரி எத்தனை பக்கம் என்று எடுங்கள். மார்ச்சில் 240, ஜூனில் 170, அக்டோபரில் 90 என்று இறங்கினால் எண்தான் நூலைத் தேர்ந்தெடுக்கிறது. இன்னொரு சோதனை, மூன்று மாதத்துக்கு முன் படித்த ஐந்து நூலின் தலைப்பை மட்டும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி சொல்லிப் பார்ப்பது. மூன்றுக்கு மேல் வராவிட்டால் மீதி ஆண்டுக்குப் புத்தக இலக்கை நிறுத்திவிட்டுப் பக்க இலக்கை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிப் படிக்காமல் அலமாரியில் காத்திருக்கும் தடித்த நூலை எடுக்க அதுவே சரியான நேரம்.